ஹேக்கர் நியூஸ்: முப்பது தலைப்பும் ஓர் ஆரஞ்சுப் பட்டையும்

தொழில்நுட்பச் செய்திகளுக்கான சுட்டிகளை வாசகர்களே போட்டு, வாக்களித்து, விவாதிக்கும் இணையதளம் ஹேக்கர் நியூஸ். அதன் தோற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்தே திரும்பிப் போய்விடுகிறார்கள். மேலே ஓர் ஆரஞ்சுப் பட்டை. அதன் கீழே வரிசை எண் போட்ட முப்பது தலைப்புகள். ஒவ்வொரு தலைப்பின் அடியிலும் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், எத்தனை வாக்கு, யார் போட்டது, எவ்வளவு நேரமாயிற்று, எத்தனை பின்னூட்டம் என்ற விவரம். படம் கிடையாது, காணொளி கிடையாது, ஓரத்தில் மின்னிக்கொண்டிருக்கும் விளம்பரம் கிடையாது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, நெட் சரியாக வரவில்லையா? பக்கம் பாதிதான் திறந்திருக்கிறது" என்றாள். பக்கமே அவ்வளவுதானம்மா என்றேன். அவள் நம்பவில்லை. என் இருக்கைக்கு வந்து புதுப்பிப்புப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

கோவையில் பம்ப் செட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் நிரல் எழுதுகிறவன் அல்லன். எழுதியவர்கள் வீட்டுக்குப் போன பிறகு அது விழுந்துவிடாமல் காவல் இருக்கிறவன். மாத இதழோடு இலவசமாக வந்த குறுவட்டில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பார்த்து இந்தத் தொழிலுக்கு வந்த தலைமுறை. இரவு ஒன்பது மணிக்கு மேல் பேக்கப் ஓடத் தொடங்கும், அது ஒழுங்காக முடிகிற வரை ஒரு கண் வைத்திருக்க வேண்டும். நமக்கு ஒன்பதரை என்றால், கோடையில் கலிபோர்னியாவுக்குக் காலை ஒன்பது. அங்கே இருப்பவர்கள் காபிக் கோப்பையோடு மேசைக்கு வந்து, நேற்று எவன் எதை உடைத்தான் என்று பேசத் தொடங்கும் நேரம். ஆகவே மென்பொருள் உலகத்தின் தினச்செய்தி எனக்கு எப்போதும் இரவுச் செய்திதான். பல ஆண்டுகளாக அதற்கு நான் நம்பியிருப்பது இந்தச் சேவையை. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2007 பிப்ரவரியில் பால் கிரகாம் இதைத் தொடங்கினார். புதுத் தொழில்களுக்குத் தொடக்க மூலதனம் கொடுக்கும் ஒய் காம்பினேட்டர் நிறுவனத்தை நிறுவியவர்களில் அவர் ஒருவர். முதலில் ஸ்டார்ட்அப் நியூஸ் என்று பெயர். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே ஹேக்கர் நியூஸ் ஆகிவிட்டது. லிஸ்ப் என்ற பழைய நிரல் மொழியின் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்க் என்ற மொழியைத் தானே உருவாக்கி, அந்த மொழியிலேயே இதை எழுதினார்.

எந்தத் தலைப்பு மேலே நிற்கும் என்பதற்கு வெளிப்படையாகத் தெரிந்த ஒரு கணக்கு இருக்கிறது. வாக்குகளிலிருந்து ஒன்றைக் கழித்து, கிடைத்ததை வயதால் வகுக்கிறார்கள். வயது என்றால் மணிக்கணக்கில், இரண்டைக் கூட்டி, 1.8 அடுக்குக்கு உயர்த்தி. இந்த 1.8தான் சூட்சுமம். எவ்வளவு பெரிய செய்தியாக இருந்தாலும் ஒரு நாளைத் தாண்டினால் அதன் எடை தாங்காமல் கீழே இறங்கிவிடும். நேற்றைய சண்டை இன்று முகப்பில் இருக்காது. போதாததற்கு, ஒரு விவாதத்தில் பின்னூட்டங்கள் வாக்குகளைத் தாண்டி ஓடத் தொடங்கினால், அது சூடேறிவிட்டது என்று கணக்கிட்டு நிரலே அதைக் கீழே இறக்கிவிடும். மக்களைச் சண்டையில் பிடித்துவைத்துக் காசு பார்ப்பதுதான் மற்ற தளங்களின் தொழில். இங்கே சண்டை முற்றினால் விளக்கை அணைக்கிறார்கள். எனக்குப் பிடித்த அம்சங்களில் இதற்கே முதலிடம்.

ஒழுங்கு விதிகளும் அதே போக்கில் இருக்கின்றன. எதிராளி சொன்னதில் வலுவான பொருள் எதுவோ அதை எடுத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும், நொண்டியான பொருளைப் பிடித்துக்கொண்டு அடிக்கக்கூடாது. கட்டுரையைப் படித்தீர்களா இல்லையா என்று யாரையும் குத்திக்காட்டக்கூடாது. தலைப்பில் "அசத்தலான 10 வழிகள்" என்று இருந்தால் அந்த எண்ணும் அடைமொழியும் போய்விடும். 2014 முதல் டேனியல் கேக்லி என்பவர் வெளிப்படையாகப் பெயர் சொல்லி, விவாதங்களை ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநராக இருக்கிறார். அவர் எழுதும் கண்டிப்புகளை நான் விவாதங்களைவிட ஆவலாகப் படிப்பதுண்டு. கத்தமாட்டார். இதே விதியை மீறிய பழைய இடங்களுக்கும் சுட்டி கொடுத்து, இப்படி வேண்டாமே என்று கேட்டுக்கொள்வார். ஆயிரம் பேர் கத்தும் இடத்தில் ஒரே தொனியில் பத்தாண்டுக்கு மேல் பேசிக்கொண்டிருப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். எங்கள் அப்பார்ட்மென்ட் சங்கத்துக்கு இப்படி ஒரு செயலாளர் கிடைத்தால் பராமரிப்புக் கட்டணத்தை இரட்டிப்பாகக் கொடுப்பேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பைச் சொடுக்கி மூலக் கட்டுரைக்குப் போகாதீர்கள். முதலில் பின்னூட்டத்துக்குப் போங்கள். கட்டுரை பெரும்பாலும் ஒரு சாக்குத்தான். சரக்கு கீழே இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பொருளைச் செய்தவரே அங்கே வந்து உட்கார்ந்திருப்பார்.

ஓர் உதாரணம். இணையத்தில் சின்னச் சின்னச் செய்திகளைத் தனித்தனியாக அனுப்பி வழியை அடைக்காமல், சற்றுச் சேர்த்துவைத்து அனுப்பும் ஒரு முறை உண்டு. 1984இல் ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் இருந்த ஜான் நேகிள் எழுதியது. அவர் பெயராலேயே வழங்குகிறது. ஏதாவது நிரல் காரணம் தெரியாமல் நாற்பது மில்லிவினாடி தயங்கி நின்றால், எங்களைப் போன்றவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான். அதை அணைத்துவிட்டு, "நேகிளால் வந்த வினை" என்று சொல்லிவிட்டுப் போவோம். இந்தப் பேச்சு ஹேக்கர் நியூஸில் எழும்போதெல்லாம் நேகிளே வந்துவிடுகிறார். குற்றம் தன் முறையில் மட்டும் இல்லை, வந்துசேர்ந்தது என்ற ஒப்புதலைத் தாமதமாக அனுப்பும் இன்னொரு முறை ஏறக்குறைய அதே காலத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மென்பொருளில் புகுந்தது, ஒருவர் பேச மற்றவருக்காகவும் மற்றவர் ஒப்புக்கொள்ள இவருக்காகவும் காத்திருக்கும் நிலை அதனால்தான் வந்தது, அணைப்பதானால் அந்தத் தாமத ஒப்புதலை அணையுங்கள் என்று விளக்குகிறார். பாடப்புத்தகத்தில் பெயராக மட்டும் இருக்கும் மனிதர் எதிர் இருக்கையில் இருந்து பதில் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

அதைவிட என்னை அசத்தியது 2022 ஜூலையில் நடந்தது. அன்று படுத்தது ஹேக்கர் நியூஸேதான். அவர்களுடைய ஏற்பாடு எளிமையானது. முதன்மையாக ஒரு சர்வர், அது விழுந்தால் எடுத்துக்கொடுக்க இன்னொன்று. முதன்மை சர்வரில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி டிஸ்குகள் போயின. சில மணி நேரத்தில் மாற்று சர்வரின் டிஸ்குகளும் போயின. தளம் பல மணி நேரம் முடங்கியது. மீண்டும் எழுந்தபோது, எப்படி இரண்டும் ஒரே நாளில் போகும் என்று விவாதம் ஓடியது. நானும் பேக்கப் திரையை ஓரமாக ஒதுக்கிவிட்டு அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒருவர் வந்து ஓர் ஊகத்தைச் சொன்னார். அந்த டிஸ்குகள் நான்கு ஆண்டு, 206 நாள், 16 மணி நேரம் ஓடியிருக்க வேண்டும், அதாவது சரியாக 40,000 மணி நேரம் என்றார். இன்ன நிறுவனத்தின் தயாரிப்பாக இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த சர்வர்களை வாடகைக்கு விட்டிருக்கும் நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் எடுத்துப் பார்த்துவிட்டு, நீங்கள் சொன்னது சரியாக இருக்கக்கூடும், தயாரிப்பாளர் அவர்கள்தான், ஓடிய நேரம் 40,000க்கு இருபுறமும் சில மணி வித்தியாசத்தில் இருக்கிறது என்று பதில் எழுதினார்.

டிஸ்க் தேய்ந்துபோகவில்லை. அதன் உள்நிரலில் ஒரு பிழை. ஓடிய மணிநேரத்தைக் கணக்கு வைக்கும் இடம் ஓர் எண்ணைத் தொட்டதும் டிஸ்க் செத்துவிடும், அதில் இருப்பது எதுவும் திரும்ப வராது. 2019இலும் 2020இலும் ஒரு பெரிய சர்வர் நிறுவனமே தன் வாடிக்கையாளர்களுக்கு இப்படி இரண்டு எச்சரிக்கைகள் விட்டிருந்தது. முதலாவதில் 32,768 மணி நேரம், இரண்டாவதில் 40,000. 32,768 என்ற எண்ணைப் பார்த்தவுடன் கணினிக்காரன் எவனும் தலையில் அடித்துக்கொள்வான். பதினாறு பிட் இடத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு எண்ணை வைத்தால் அது நிரம்பி வழியும் எல்லை அது.

எனக்கு அன்று உறைத்தது வேறு. இரண்டு சர்வர்களையும் ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் இயக்கினால், மாற்று என்று ஒன்று இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒரே கெடு. மறுநாள் காலையில் எங்கள் சர்வர் அறையில் இருந்த ஒவ்வொரு டிஸ்கின் ஓடிய நேரத்தையும் எடுத்து ஓர் அட்டவணை போட்டேன். அடுத்த கொள்முதல் கோப்பில், ஜோடி டிஸ்குகள் வெவ்வேறு தயாரிப்புத் தொகுப்பிலிருந்து வரவேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தது. கணக்குப் பிரிவில் இருந்து, "இரண்டும் ஒரே விலைதானே சார், ஒரே பெட்டியாக வாங்கினால் தள்ளுபடி கிடைக்குமே" என்று கேட்டார்கள். அந்த விவாதத்தை அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

இன்னொரு இரவு 2024 மார்ச் 29, புனித வெள்ளி. நம் நேரப்படி ஒன்பது இருபது வாக்கில் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் ஒரு பாதுகாப்பு அஞ்சல் குழுவுக்கு மடல் போட்டார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் உருவாக்குநர்களில் ஒருவர், மைக்ரோசாஃப்டில் வேலை செய்கிறவர். லாகின் ஆக வழக்கத்தைவிட அரை வினாடி அதிகம் பிடிக்கிறதே என்று தோண்டப் போனவருக்கு, எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திருட்டுக் கதவு வைத்திருப்பது தெரிந்தது. கோப்புகளைச் சுருக்க உலகமே பயன்படுத்தும் நிரல் அது. ஜியா டான் என்ற பெயரில் இரண்டாண்டுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து, களைத்துப்போயிருந்த மூலப் பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவரின் கைவேலை.

செய்தி சற்று நேரத்தில் முகப்பின் உச்சிக்கு வந்துவிட்டது. நான் படித்தது அந்த விவாதத்தை. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைக்குப் பங்களிக்கும் ஒருவர் எழுதினார்: இந்தப் புதிய பதிப்பைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அந்த ஆள் வாரக்கணக்கில் தன்னோடு தொடர்பில் இருந்தார், அதில் வந்த ஒரு கோளாறைச் சரிசெய்ய நாங்களே அவரோடு சேர்ந்து உழைத்தோம், அந்தக் கோளாறே திருட்டுக் கதவால் வந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. இதை ஒரு நிருபர் தேடிப்பிடித்து எழுதியிருந்தால் சில நாளாவது ஆகியிருக்கும். இங்கே சம்பந்தப்பட்டவர் அதே இரவில் தன் வாயால் சொன்னார். வேறு சிலர் கோப்புகளைப் பிரித்துப்போட்டு, சோதனைக் கோப்பு என்ற பெயரில் விஷம் எங்கே ஒளிந்திருந்தது என்று வரிவரியாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இதைப் படித்துக்கொண்டே எங்கள் சர்வர்களில் பதிப்பு எண்ணைக் கேட்டேன். எங்களுடையது டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நிலையான பதிப்பு, அதில் எக்ஸ்இசட் 5.4.1 என்று வந்தது. பழையதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று எங்களைக் கிண்டல் செய்யும் நிரலாளர்களுக்கு மறுவாரம் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் அனுப்பிவைத்தேன்.

சரி, புகழ்ந்தது போதும்.

இது உலகத்தின் தொழில்நுட்பச் செய்தி என்று நினைத்துப் படித்தால் ஏமாந்துபோவீர்கள். சான் பிரான்சிஸ்கோவும் அதன் சுற்றுவட்டாரமும் நடத்தும் ஊர்ப் பத்திரிகை இது. அந்த ஊரின் வீட்டு வாடகை, ஓட்டுநர் இல்லாத கார், அங்கே எந்த நிறுவனம் எவ்வளவு பேரை வீட்டுக்கு அனுப்பியது என்பதெல்லாம் முகப்புக்கு வரும். நம் நாட்டில் ஒரு மாதத்தில் ஆயிரம் கோடிக்கு மேல் நடக்கும் யுபிஐ பரிவர்த்தனைகளைத் தாங்கும் அமைப்பைப் பற்றி யாராவது போட்டால், பத்துப் பின்னூட்டத்துக்குள் பேச்சு அமெரிக்க வங்கிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்குத் தாவிவிடும். மாதத்தின் முதல் வேலைநாளில் யார் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு பெரிய பட்டியல் வரும். நம் பையன்கள் ஆசையாகத் திறப்பார்கள். வீட்டிலிருந்தே வேலை என்று போட்டிருக்கும், பக்கத்திலேயே அமெரிக்காவுக்குள் மட்டும் என்றும் போட்டிருக்கும். வேலை தேடுவதற்கு அந்தப் பட்டியலை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. எந்த மொழிக்கும் கருவிக்கும் கிராக்கி ஏறுகிறது என்று பார்க்க மட்டும் அது நல்ல காலண்டர்.

இரண்டாவது குறை, மேதாவித்தனம். அதற்கு ஊரறிந்த சான்று 2007 ஏப்ரலில் இருந்து இருக்கிறது. ட்ரூ ஹூஸ்டன் என்ற இளைஞர், கோப்புகளை இணையத்தில் சேமித்துவைக்க ட்ராப்பாக்ஸ் என்று ஒன்றைச் செய்திருக்கிறேன், பாருங்கள் என்று போட்டார். ஒருவர் வந்து, லினக்ஸ் தெரிந்தவர் இதைத் தானே கட்டிக்கொள்ளலாமே, இணையம் வழியே கோப்புகளை அனுப்பும் எஃப்டிபி கணக்கு ஒன்றை எடுத்து, அதைக் கணினியில் இணைத்து, மேலே ஒரு பதிப்புக் கட்டுப்பாட்டு நிரலைப் போட்டால் முடிந்தது என்று எழுதினார். 2018இல் ட்ராப்பாக்ஸ் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இன்றும் அந்தப் பின்னூட்டத்தை எடுத்துக்காட்டி எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. முழு உரையாடலையும் படித்தால் அந்த மனிதர் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார், ஹூஸ்டனும் மரியாதையாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார். நியாயமாகச் சிரிக்க வேண்டியது இன்றைக்கும் தினமும் நடப்பதைப் பார்த்து. எவனாவது ஒரு சின்ன நிரலைச் செய்து கொண்டுவந்து வைத்தால், அது ஏன் ரஸ்ட் என்ற நிரல் மொழியில் எழுதப்படவில்லை என்பது முதல் கேள்வியாக வரும். மருத்துவம், பொருளாதாரம், தூக்கம், உணவு என்று தொழிலுக்கு வெளியே உள்ள கட்டுரைகளில் இந்த வியாதி இன்னும் முற்றும். நிரல் எழுதத் தெரிந்தவனுக்கு உலகில் எல்லாமே எளிது. அந்தப் பின்னூட்டங்களை நான் திறப்பதே இல்லை.

மூன்றாவது, இதன் செலவை யார் ஏற்கிறார்கள் என்ற கேள்வி. ஒய் காம்பினேட்டர்தான். அவர்கள் முதல் போட்ட நிறுவனங்களின் வேலை அறிவிப்புகள் செய்தி வரிசையிலேயே நடுவில் வந்து நிற்கும். அதற்கு வாக்கும் போட முடியாது, பின்னூட்டமும் எழுத முடியாது. தங்கள் நிறுவனங்களைத் திட்டி எழுந்த விவாதங்களில் வழக்கத்தைவிடக் குறைவாகவே கைவைப்போம் என்று மட்டுறுத்துநர்கள் கொள்கையாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி அந்த நிறுவனங்களைக் கிழித்துத் தொங்கவிட்ட விவாதங்கள் முகப்பில் நாள் முழுக்க நின்றதைப் பார்த்திருக்கிறேன், ஆகவே நம்புகிறேன். ஆனாலும் இது பொதுச் சொத்து அல்ல, ஒரு முதலீட்டாளரின் வீட்டுத் திண்ணை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஊர்ப் பத்திரிகை என்றேன். வெளியூர்க்காரன் அதைப் படிப்பதில் ஒரு லாபமும் இருக்கிறது. 2010இல் சென்னையில், அப்போது ஸோஹோவில் இருந்த கிரிஷ் மாத்ருபூதம் இதில் ஒரு செய்தியைப் பார்த்தார். வாடிக்கையாளர் சேவை மென்பொருள் விற்கும் ஸென்டெஸ்க் திடீரென்று விலையை ஏற்றியிருந்தது. பயனர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சந்தையில் சரியான விலையில் ஒரு பொருளைக் கொண்டுவருகிறவனுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்ற பொருளில் யாரோ ஒருவர் கீழே எழுதியிருந்தார். அந்த விவாதத்தைப் படித்த எல்லோருக்கும் அது ஒரு பின்னூட்டம். அதற்கு முன்பே இன்னோர் அனுபவம் இவர் மனத்தில் கிடந்தது. ஆஸ்டினிலிருந்து சென்னைக்கு வீடு மாறியபோது உடைந்து வந்த தொலைக்காட்சிப் பெட்டிக்கு இழப்பீடு கேட்டு அலைந்து, கடைசியில் இணையத்தில் எழுதிய பிறகுதான் பணம் வந்தது. இரண்டும் சேர்ந்து ஃப்ரெஷ்டெஸ்க் என்ற நிறுவனம் ஆயிற்று. 2017இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் மணி அடித்தது. இதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்த ஊர்க்காரர்கள் விலையேற்றத்தைத் திட்டிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போனார்கள். சென்னையில் இருந்தவர் கணக்குப் போட்டார். இளைஞர்கள் இதைப் படிக்க வேண்டுமா என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இந்தக் கதையைத்தான். சண்டையில் சேராதீர்கள், எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று பாருங்கள்.

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு முகப்பின் நிறமே மாறிவிட்டது. முப்பதில் பத்துத் தலைப்பாவது செயற்கை நுண்ணறிவைப் பற்றி இருக்கும் நாட்கள் சகஜம். புது மாதிரி வந்தது, அது பழையதைவிட நன்று, இல்லை மோசம், நிரலாளர் வேலை போகும், போகாது. ஒரே பேச்சு, ஆள் மட்டும் மாறுகிறது. இயந்திரம் எழுதிய பின்னூட்டங்களுக்கு இங்கே இடமில்லை என்று மட்டுறுத்துநர்கள் கறாராகச் சொல்லிவருவது நல்ல விஷயம். மனிதர் பேசுவதைக் கேட்கத்தான் இங்கே வருகிறோம். பழைய கணினி ஒன்றைப் பிரித்துப் பழுதுபார்த்தது, 1980களின் ஏதோ ஒரு சில்லை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தது, எழுத்துரு வடிவமைப்பு என்று முன்பு அடிக்கடி கண்ணில் பட்டவை இப்போது இரண்டாம் பக்கத்தில் கிடைக்கின்றன. நான் இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

பயன்பாட்டில் சில தொல்லைகள். கைபேசியில் எழுத்து பொடி. வாக்கு அம்புகள் அதைவிடப் பொடி. நாற்பதைத் தாண்டிய கண்ணும் கட்டை விரலும் சேர்ந்து தவறான அம்பைத்தான் தொடும். இரவு நேரத்துக்கான கருப்புப் பின்னணி கிடையாது. நீங்கள் எழுதியதற்கு யாராவது பதில் சொன்னால் உங்களுக்கு எந்த அறிவிப்பும் வராது, நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் குறை என்கிறார்கள். எனக்கு அது வரம். பதிலுக்குப் பதில் என்று இழுத்துக்கொண்டு போகும் ஆசை விடிவதற்குள் வடிந்துவிடுகிறது. எதிர்வாக்கு போடும் உரிமை, மற்றவர்களின் வாக்குகளால் ஐந்நூறு புள்ளிகள் சேர்ந்த பிறகுதான் கிடைக்கும். அதற்கு முன் இருநூற்றைம்பதில் ஒரு சலுகை உண்டு. மேலே இருக்கும் ஆரஞ்சுப் பட்டையை உங்களுக்குப் பிடித்த நிறத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவு உழைப்புக்கு அவர்கள் கொடுக்கும் அலங்காரம் அது ஒன்றுதான்.

பழையதைத் தேட, பக்கத்தின் அடியில் இருக்கும் தேடல் பெட்டி அருமையானது. ஏதாவது மென்பொருளை அலுவலகத்துக்கு வாங்கும் முன், விற்பனையாளரின் விளக்கக் கூட்டத்துக்கு முதல் நாள் இரவு, அதன் பெயரை அதில் போட்டுப் பாருங்கள். அதை வைத்து அல்லல்பட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று வரிசையாக வரும். அடுத்த நாள் நீங்கள் கேட்கும் மூன்றாவது கேள்வியில் விற்பனையாளர் தண்ணீர் கேட்பார்.

மாற்று வேண்டும் என்பவர்களுக்கு லாப்ஸ்டர்ஸ் இருக்கிறது. 2012இல் தொடங்கியது, நிரலாக்கத்தைத் தாண்டிப் பேச்சை வளரவிடமாட்டார்கள், எதை நீக்கினார்கள் என்பதையும் வெளிப்படையாகப் பட்டியல் போடுகிறார்கள். ஆனால் உள்ளே இருக்கும் ஒருவர் அழைத்தால்தான் எழுத முடியும். லினக்ஸ் கருவைப் பற்றி ஆழமாக வேண்டுமானால் எல்டபிள்யூஎன் வார இதழுக்குச் சந்தா கட்டுங்கள். அங்கே நிருபர்கள் உட்கார்ந்து எழுதுகிறார்கள், அது தெரிகிறது. 1997இலிருந்து ஓடும் ஸ்லாஷ்டாட் இன்னும் இருக்கிறது. பழைய நண்பர் வீட்டுக்குப் போவதுபோல எப்போதாவது போய்வருவேன்.

காசு வாங்காத சேவைதான், ஆனால் நேரத்தை வாங்கிக்கொள்ளும். அதற்கு அவர்களே ஒரு மருந்தும் வைத்திருக்கிறார்கள். உங்கள் கணக்கின் அமைப்புகளுக்குப் போனால் வேலையைத் தள்ளிப்போடுகிறவர்களுக்காக ஒரு வசதி இருக்கும். அதை இயக்கினால் இருபது நிமிடம் மட்டும் உள்ளே விடும், பிறகு 180 நிமிடத்துக்குக் கதவைச் சாத்திவிடும். இரண்டு எண்களையும் மாற்றிக்கொள்ளலாம். நேரம் முடிந்த பிறகு திறந்தால், போய் வேலையைப் பார் என்று எழுதியிருக்கும், இன்னும் எத்தனை நிமிடம் கழித்து வரலாம் என்ற கணக்கும் இருக்கும். எங்கள் நிரலாளர்களில் சிலருக்கு நானே அதை இயக்கிக் கொடுத்திருக்கிறேன். கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுத் திறந்தால் பக்கம் பழையபடி தாராளமாக வந்துவிடும். அதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.